பல்லுக்குப் பல்

'பல்லுப் போனால் சொல்லுப் போச்சு' என்று எம்மூர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. மனிதருக்குப் பல் போனால் சொல் மட்டுந்தான் போகும். கஞ்சி குடித்தாவது காலத்தை ஓட்டிவிடலாம். இயந்திரத்துக்குப் பல் போனால் அதுவும் வழியில்லை. நின்ற இடத்திலேயே நின்றுவிடும். முள்ளியவளையிலே எம் மைத்துனரின் சிறு பட்டறையில் ஒரு கடைசல் இயந்திரம் இவ்வாறு பல ஆண்டுகள் பாதி ஊமையாய் நின்றது. அதற்குப் பல் கட்டிய கதையையே இவ்வாரம் வாசக அன்பர்களுக்குச் சொல்லப் புகுகின்றோம்.

அவ்வியந்திரம் பெரிதன்று. மேசைமேல் அடங்குவது. இங்கிலாந்திலே நொட்டிங்காம் நகரை அடுத்த பீஸ்டனில் மைபோர்ட் என்னும் நிறுவனத்தார் செய்த எம்.எல்.7 வகையைச் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, வீட்டுப் பின்கொட்டிலில் வேலை செய்வோருக்கென்றே இது சந்தைக்கு வந்தது. உலகெங்கும் எத்தனையோ ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் இதன் முன் நின்று தம் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்திருக்கிறார்கள். எம் மைத்துனரின் தந்தையார் இதை யாழ்ப்பாணத்தில் பழையதாக வாங்கி, மாங்குளம், ஒட்டுசுட்டான் வழியாக லொறியில் கொண்டுவந்து இறக்கினார். லாண்ட்மாஸ்டருக்குப் புஷ் கடைவதும், நெல் ஆலைக்காரரின் தேய்ந்த அச்சைச் சீர் செய்வதும் இதன் தொழில். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடிய நாட்களில், உதிரிப்பாகம் என்பது கடையில் வாங்கும் பொருளாக இருக்கவில்லை. செய்துகொள்ளும் பொருளாக இருந்தது. அக்காலத்தில் இந்தச் சிறு இயந்திரம் ஊருக்கு ஆற்றிய சேவையை எடுத்துரைக்கத் தொடங்கினால் இப்பத்தி போதாது.

2008ஆம் ஆண்டின் இறுதியில் ஊரே இடம்பெயர்ந்தது. தூக்கிச் செல்ல முடியாத பாரம்; விட்டுச் செல்ல மனமில்லாத பொருள். மைத்துனர் இயந்திரத்துக்குக் கிறீஸ் பூசி, எண்ணெய்த் துணி சுற்றி, தறப்பாளில் பொதிந்து, பட்டறைக்குப் பின்னே குழி வெட்டிப் புதைத்தார். அந்த அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டார். மாற்றுப் பற்சில்லுகள் யாவும் ஒரு பிஸ்கற் தகரத்துள் இறாக்கைமேல் இருந்தன.

பல மாதங்கள் கழிந்து, முகாமும் முட்கம்பியும் கடந்து ஊர் மீண்டபோது, பட்டறைக்குக் கூரையும் இல்லை, இறாக்கையும் இல்லை. குழி மட்டும் இருந்தது. தோண்டி எடுத்தார்கள். படுக்கையில் அம்மைத் தழும்பு போல் துருப் புள்ளிகள். மற்றபடி உயிர் இருந்தது. புதைத்த அன்று இயந்திரத்திலேயே பூட்டியிருந்த இரு பற்சில்லுகள், 40 பல் உடையது ஒன்றும் 60 பல் உடையது ஒன்றும், தப்பியிருந்தன. தகரத்துள் இருந்தவற்றை யார் கொண்டு சென்றார் என்று நாம் விசாரிக்கவில்லை. பழைய இரும்பை விற்று அரிசி வாங்கிய காலம் அது.

மாற்றுப் பற்சில்லு என்பது யாது என்று மாணவர்கள் கேட்பார்கள். சொல்வோம். கடைசல் இயந்திரத்தில் வேலைப்பொருள் சுழல்கிறது. வெட்டும் உளி அதன் ஓரமாக நகர்கிறது. உளியை நகர்த்துவது இயந்திரத்தின் முன்புறத்தே கிடக்கும் நீண்ட திருகுதண்டு. இந்த இயந்திரத்தில் அத்தண்டுக்கு அங்குலத்துக்கு 8 புரி. வேலைப்பொருளும் தண்டும் ஒரே வேகத்தில் சுழன்றால், உளி வெட்டும் புரியும் அங்குலத்துக்கு எட்டாகவே அமையும். வேறு புரி வேண்டுமாயின் இரண்டின் வேகங்களுக்கும் இடையே வேறு விகிதம் வேண்டும். அவ்விகிதத்தைத் தருவன பற்சில்லுகளே. சைக்கிளில் முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் உள்ள உறவு தான். சங்கிலிக்குப் பதிலாகப் பல்லோடு பல் நேரே பேசுகிறது, அவ்வளவே.

இனிக் கதைக்கு வருவோம். ஒரு சித்திரை மாதம். வற்றாப்பளைப் பொங்கலுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. எமக்குத் தெரிந்த கமக்காரர் ஒருவர் நீரிறைக்கும் இயந்திரத்தின் மேற்பாகத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். உறிஞ்சு குழாய் பூட்டும் இடத்தில் புரி தேய்ந்து, காற்றுப் புகுந்து, தண்ணீர் ஏற மறுத்தது. கடையில் விற்கும் இரண்டங்குலப் பூட்டு உள்ளே ஆடியது. தேய்ந்த புரிக்குப் பொருந்தச் சற்றே பருமனான ஒன்றைத் தனியே கடைந்தாலன்றி வேறு வழியில்லை.

"மாஸ்டர், மிளகாய்க் கண்டு அரை ஏக்கர் நிக்குது. பூக்கிற நேரம். வாளியாலை இறைச்சு எத்தினை நாளைக்குச் சமாளிக்கிறது?" என்றார்.

புது இயந்திரம் வாங்கலாமே என்று நகரத்து வாசகர் எண்ணக்கூடும். அந்த மிளகாய் விற்ற பின்னரே அவரிடம் அதற்குப் பணம் வரும்.

குழாய்ப் புரியில் ஒரு அங்குலம் முதல் ஆறங்குலம் வரை, பிரித்தானிய அளவின்படி, அங்குலத்துக்கு 11 புரி. ஆகவே எமக்குத் தேவைப்பட்ட விகிதம் 8க்கு 11. இரண்டையும் ஐந்தால் பெருக்கினால் 40க்கு 55. நாற்பது கையில் உண்டு. ஐம்பத்தைந்து இல்லை. ஒரேயொரு சில்லு!

முதலிலே வாங்கித்தான் பார்த்தோம். கொழும்புக்குச் சென்ற உறவினர் ஒருவர் பழைய பாகங்கள் விற்கும் கடையொன்றில் 55 பல் உள்ள சில்லொன்றைத் தேடிப் பிடித்துக் கொணர்ந்தார். கண்ணுக்கு அச்சாக அதுவே. பூட்டி ஓட்டியதும் உறுமியது; சற்று நேரத்தில் இறுகியது. இதன் காரணத்தை விளக்கவேண்டும். ஏனெனில் வீட்டுப் பட்டறை வைத்திருப்போர் பலர் இக்குழியில் விழுந்தவர்களே. ஆங்கில முறையில் பல்லின் பருமனைச் சொல்லும்போது, விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் எத்தனை பல் என்பர். எமது இயந்திரத்துக்கு இருபது. மெற்றிக் முறையில் விட்டத்தை மில்லிமீற்றரில் அளந்து பல்லின் தொகையால் வகுப்பர். அதற்கு மொடியூல் என்று பெயர். அங்குலத்துக்கு இருபது என்பதை இம்முறையில் மாற்றினால் 1.27 வரும். கடையில் கிடைப்பதோ 1.25. இந்த அற்ப வேற்றுமை 55 பல்லுக்கும் சேரும்போது விட்டத்தில் 1.1 மில்லிமீற்றர் ஆகிவிடுகிறது. பல்லின் சாய்வுக் கோணமும் வேறு. பழைய ஆங்கிலச் சில்லுகளில் பதினாலரைப் பாகை. இக்காலத்துச் சில்லுகளில் பெரும்பாலும் இருபது பாகை. ஒரே குலம் போலத் தோன்றினாலும் சம்பந்தம் ஒத்துவராது.

ஆதலின் செய்வதென்றே தீர்மானித்தோம். புரி வெட்டத்தான் மாற்றுச் சில்லு தேவை; வெறுமனே கடைவதற்கு இயந்திரம் ஆயத்தமாகவே இருந்தது. தன் பல்லைத் தானே முளைக்க வைக்கும் வரம் இயந்திரங்களுள் கடைசல் இயந்திரத்துக்கே உண்டு போலும்.

பல்லின் வடிவத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. கிரேக்கத் தீவொன்றின் அருகே மூழ்கிய கப்பலிலிருந்து 1901இல் எடுக்கப்பட்ட, ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வானியற் கருவியொன்றில் முப்பது பற்சில்லுகள் எஞ்சியிருக்கின்றன. அவற்றின் பற்கள் வெறும் முக்கோணங்கள். கையால் மெல்லச் சுழற்றும் கருவிக்கு அது போதும். விரைந்து சுழலும் இயந்திரத்திலோ முக்கோணப் பல் ஒவ்வொரு கணமும் முந்தும், பிந்தும். அதிர்வும் தேய்வும் தொடரும். இதற்குப் பரிகாரமாகப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஒயிலர் என்னும் கணித மேதை ஒரு வளைகோட்டை எடுத்துக்காட்டினார். அதை நீங்களும் வரையலாம். ஒரு நூற்கட்டையைக் காகிதத்தின்மேல் நிறுத்தி, நூலின் முனையில் பென்சிலைக் கட்டி, நூல் தளராதவாறு அவிழ்த்துக்கொண்டே வாருங்கள். பென்சில் வரையும் கோடே அது. இக்கோட்டின்படி அமைந்த இரு பற்கள் தொட்டு உருளும்போது வேகம் சிறிதும் ஏறாது, இறங்காது. இன்னொரு பெருஞ்சிறப்பும் உண்டு: இரு சில்லுகளின் அச்சுகள் மயிரிழை விலகி நின்றாலும் விகிதம் கெடாது. எம்மைப் போன்ற பின்கொட்டில் வேலைக்காரர் பிழைத்துக்கொண்டிருப்பது இந்தக் கருணையால்தான்.

அவ்வடிவத்தை உளியில் கொணர்வது எங்ஙனம்? தொழிற்சாலைகளில் இதற்கென எட்டு வெட்டிகள் கொண்ட தொகுதி உண்டு. அதில் இரண்டாம் இலக்க வெட்டி 55 பல் முதல் 134 பல் வரை பொருந்தும். எம்மிடம் அது இல்லை. ஆயினும் அவ்விலக்கமே எமக்கு வழி காட்டிற்று. 55க்கும் 60க்கும் ஒரே வெட்டி செல்லுமாயின், குழியிலிருந்து மீண்ட 60 பல் சில்லின் இரு பற்களுக்கு இடைப்பட்ட பள்ளமே எமக்கு அச்சு அன்றோ? மைத்துனர் உயர்வேக உருக்குத் துண்டொன்றைச் சாணைக்கல்லில் சிறிது தீட்டுவார், அப்பள்ளத்துள் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார், மீண்டும் தீட்டுவார். ஒளிக்கீற்று எங்கும் தெரியாமல் பொருந்துவதற்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் சென்றது.

சில்லுக்கான இரும்பு, பழைய நெல் ஆலையொன்றின் உடைந்த வார்ப்பிரும்புக் கப்பியிலிருந்து வந்தது. வார்ப்பிரும்பு எண்ணெய் கேட்காது, தூளாக உதிரும், பல்லுக்கு உகந்தது. வெளி விட்டம் 57ஐ 20ஆல் வகுக்க வருவது: 2.85 அங்குலம், அதாவது 72.4 மில்லிமீற்றர். பல்லின் ஆழம் 2.74 மில்லிமீற்றர். 55 பல்லுக்கு ஏன் 57ஐ வகுக்கிறோம் என்று மாணவர்கள் தாமே யோசித்துப் பார்க்கட்டும். பற்கள் உருளும் வட்டத்துக்கு வெளியேயும் பல் சிறிது நீண்டு நிற்கிறது என்பது குறிப்பு.

இனி, வட்டத்தை 55 சம பாகமாகப் பிரிக்கவேண்டும். சைக்கிளின் முன்சில்லையே பிரிப்புத் தட்டாக வைப்போர் உளர். 48 பல் சில்லாயின் 48, 24, 16, 12 எனப் பிரிக்கலாம். 55க்கு அது உதவாது. இவ்விடத்தில் எம் மருமகள் குறுக்கிட்டாள். பத்தாம் வகுப்பில் படிப்பவள்.

"மாமா, வட்டத்தைப் பிரிக்கிறதுதானே கஷ்டம்? நேர்கோட்டைப் பிரிச்சுப்போட்டு வட்டமாச் சுத்தினால் என்ன?"

சரியான யோசனை. காகித நாடாவில் 20 மில்லிமீற்றருக்கு ஒரு கோடாக 55 இடைவெளி குறித்தால் நீளம் 1100 மில்லிமீற்றர். அதைச் சுற்றளவாகக் கொள்ளும் வட்டத்துக்கு விட்டம் ஏறத்தாழ 350. ஒட்டுப்பலகையில் அத்தகைய தட்டொன்று வெட்டி, நாடாவை விளிம்பில் ஒட்டி, பல் வெட்டவிருக்கும் சில்லின் அச்சிலேயே பூட்டிவிட்டால் பிரிப்புத் தட்டு ஆயத்தம். பெரிய தட்டில் பிரித்துச் சிறிய சில்லில் வெட்டுவதில் ஓர் இலாபமும் இருக்கிறது. தட்டின் விளிம்பில் கோடு அரை மில்லிமீற்றர் தவறினால், சில்லின் பல்லில் அப்பிழை பத்தில் ஒரு மில்லிமீற்றராய்ச் சுருங்கிவிடும்.

எல்லாம் சரி. தட்டை வெட்டியவர் நாம். அதுதான் சரியில்லை. கைவாளால் அறுத்ததில் விட்டம் 353 ஆகிவிட்டது. நாடாவைச் சுற்றியபோது இரு முனைகளும் சேரவில்லை. நடுவே ஒரு விரல் அகலத்திற்கு இடைவெளி. "பரவாயில்லை அத்தான், சமாளிக்கலாம்" என்றார் மைத்துனர். இது அவர் சொன்னதென்று எழுதுகிறோம். நாமும் மறுக்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும். ஒரு பகல் முழுதும் பல் வெட்டினோம். ஒற்றை உளி, மெல்லிய வெட்டு, ஒரு பள்ளத்துக்கு இரண்டு தடவை. தட்டை ஒரு கோடு நகர்த்து, இறுக்கு, வெட்டு, தளர்த்து. மாலை ஐந்து மணியளவில் கடைசிப் பள்ளம் முடிந்தது. ஐம்பத்துநான்கு பற்கள் முத்துப்போல் நின்றன. ஐம்பத்தைந்தாவது மட்டும் கடைவாய்ப் பல்லாகத் தடித்து நின்றது!

அன்றிரவு சோறு இறங்கவில்லை. கமக்காரர் மறுநாட் காலை வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். அவர் ஏசியிருந்தால் எமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டாம் தடவை தட்டைக் கைவாளை நம்பி விடவில்லை. இயந்திரத்திலேயே பூட்டி, விளிம்பைச் சிறிது சிறிதாகச் சீவி, நாடாவின் முதற்கோடும் கடைசிக்கோடும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்வரை வைத்துப் பார்த்தோம். காகிதமும் ஈரக்காற்றில் நீளும் பொருளாதலால் குறித்ததும் ஒட்டியதும் ஒரே பகலில். கப்பியில் இன்னொரு சில்லுக்கு இரும்பு மிஞ்சியிருந்தது எம் நல்ல காலம். இம்முறை ஒவ்வொரு கோட்டையும் மருமகள் வாய்விட்டு எண்ணினாள். ஐம்பத்தைந்தாம் பள்ளம் முடிந்து உளியை விலக்கியபோது, எந்தப் பல் முதற்பல், எது கடைசிப்பல் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பூட்டுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. பல்லைப் பல்லோடு நெருக்கி இறுக்கினால் அலறும், தேயும். அதிகம் விலக்கினால் தடதடக்கும். இடையே ஒரு மெல்லிய காகிதக் கீற்றை வைத்து, சில்லுகளை நெருக்கிப் பிடித்து இறுக்கிய பின், கையால் சுழற்றிக் காகிதத்தை வெளியேற்றவேண்டும். பட்டறையார் 'பிளே' என்று சொல்லும் தளர்வு அளவாக நின்றுவிடும். இப்பத்திரிகையின் தாளே அதற்குப் போதும். வாசித்து முடித்த பின் கிழித்தால் நல்லது.

எண்ணெய் விடயத்தில் எம்மூரில் ஒரு பிழை பரவலாய் உண்டு. திறந்த பற்சில்லுக்கு மேல் கிறீஸை அப்பிவிடுவார்கள். முல்லைத்தீவுப் பக்கத்து மணற்காற்றுக்குக் கிறீஸும் மணலும் சேர்ந்தால் அது சாணைக்கல்லுக்கு ஒப்பாகிவிடும். துடைத்துவிட்டு இரண்டு துளி தடித்த எண்ணெய் விடுவதே முறை. தடைக்காலத்தில் நல்லெண்ணெய் விட்டவர்களும் உண்டு; சில வாரங்களில் அது பிசினாக இறுகியதையும் கண்டார்கள். லொறிக் கியர் எண்ணெய் உருக்குச் சில்லுக்கு நல்லதே; ஆனால் சிலவற்றில் கலந்திருக்கும் கந்தகச் சேர்க்கை, சூடேறுமிடத்து வெண்கலப் புஷ்ஷை அரிக்கவல்லது. துருத்தாள் கொண்டு எதையேனும் தேய்க்கும்போது சில்லுகளைத் துணியால் மூடிவிடுங்கள். ஓடும் சில்லின் அருகே விரலும் தாவணியும் போகலாகாது என்பதை மருமகளுக்கு நாளுக்கு நான்கு தடவை சொன்னோம். ஈற்றில் சில்லுகளுக்கு மேல் ஒரு தகர மூடி செய்து பூட்டினோம்.

இன்னொரு நுட்பத்தையும் சொல்லிவிடுவோம். நாற்பதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் ஐந்து பொதுக்காரணி. ஆகவே நாற்பதின் ஒரு பல், மற்றதின் பதினொரு பற்களையே மாறி மாறிச் சந்திக்கும்; ஏனையவற்றை ஒருபோதும் தொடாது. ஒரு பல்லில் வடு இருந்தால் அதே பதினொன்றும் அடிபடும். இதனாற்றான் பழைய கார்களின் பின்னச்சில் 9க்கு 41 போன்ற, பொதுக்காரணி அற்ற எண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே ஒவ்வொரு பல்லும் எல்லாப் பற்களையும் சந்தித்து, தேய்வைப் பங்கிட்டுக்கொள்ளும். புரி வெட்டும்போது எமக்கு அந்த உரிமை இல்லை. விகிதம் சொன்னபடி நாம் கேட்கவேண்டியதுதான்.

இக்காலத்தில் பற்சில்லே இல்லாமல், திருகுதண்டைத் தனி மின்மோட்டார் சுழற்ற, விகிதத்தைச் சிறு கணினி பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் வந்துவிட்டது. வீட்டுப் பட்டறைக்காரர் பலர் அதைத் தாமே பூட்டிக்கொள்கிறார்கள். நல்லதுதான். ஆயினும் கணினி நின்றால் அதைத் திறந்து பார்த்துப் பல் எண்ண இயலாது என்று மைத்துனர் முறையிடுகிறார். அவருக்கு வயது அப்படி.

குழாய்ப் பூட்டைக் கடைந்த நாளைச் சொல்லவேண்டும். பித்தளைத் துண்டு, மெதுவான வேகம், உளி முதற் கோட்டைத் தோல் கீறுவதுபோல் இட்டது. அளவுகோலை வைத்து எண்ணினோம். அங்குலத்துக்குப் பதினொன்று. பின்பு தேய்ந்த புரியில் வைத்துப் பார்ப்பதும், சற்றே வெட்டுவதும், மீண்டும் வைத்துப் பார்ப்பதுமாக ஒரு மணி நேரம். ஈற்றில் கையால் திருக, மூன்று சுற்று இலேசாக ஏறி, நான்காவதில் இறுகி நின்றது. அன்று பிற்பகலே தோட்டத்துக் கிணற்றடியில் பூட்டினார்கள். கமக்காரர் வாயால் ஒன்றும் சொல்லாமல் கயிற்றை இழுத்தார். இயந்திரம் இருமியது, பின்பு பிடித்துக்கொண்டது. சிறிது நேரம் குழாயில் காற்றின் ஓசையே கேட்டது. அதன்பின் தண்ணீர், முதலில் செம்மண் நிறமாக, பிறகு தெளிந்து, வாய்க்காலில் ஓடி முதற் பாத்தியை அடைந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாம் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கடைவாய்ப் பல் முளைத்த முதற் சில்லு இப்போது பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. வருவோர்க்கெல்லாம் மருமகள் அதையே முதலில் காட்டுகிறாள். நாம் எத்தனையோ தடவை கழற்றி வைக்கச் சொல்லிவிட்டோம்.

அவளுக்கு இப்போது வேறொரு வேலை. அங்குலத் தண்டு உள்ள இயந்திரத்தில் மெற்றிக் புரி வெட்டவேண்டுமாயின் 127 பல் உள்ள சில்லு வேண்டும். ஓர் அங்குலத்தின் 25.4 மில்லிமீற்றரை ஐந்தால் பெருக்கினால் வருவது அவ்வெண். 60க்கு 127 பூட்டினால் ஒன்றரை மில்லிமீற்றர்ப் புரி பிசகின்றி வரும். 63 பல் சில்லை வைத்துச் சமாளிப்போரும் உண்டு. எண்ணாயிரத்தில் ஒரு பங்கே பிழை. அதைச் சொன்னோம். "சமாளிக்கிறதோ, மாமா?" என்று சுவரைப் பார்த்தாள். நூற்றிருபத்தேழு பகா எண். எந்தக் குறுக்கு வழிக்கும் இடங்கொடாது. பத்து மில்லிமீற்றருக்கு ஒன்றாக நாடாவில் கோடு கீறத் தொடங்கியிருக்கிறாள். தட்டின் விட்டம் 404 வரவேண்டும். பலகையை இம்முறை எம்மிடம் தரமாட்டாளாம்.